மண் காத்த ஹியூ பென்னெட்

நம் வழக்கில் மண் என்னும் சொல்லுக்கு மதிப்புக் குறைவு. கைகூடாத காரியம் மண்ணாய்ப் போயிற்று என்கிறோம். பாடம் ஏறாத மாணவனின் தலையிற் களிமண் இருப்பதாகச் சொல்கிறோம். இங்ஙனம் இழிவுக்கு உவமையாகிய அப்பொருளே ஒரு தேசத்தின் முதற்செல்வமென்றும், அதனை ஆக்குதற்கு இயற்கைக்குப் பல நூற்றாண்டு வேண்டுமென்றும், போக்குதற்கு ஓர் உழவனின் ஆயுட்காலமே போதுமென்றும் எடுத்துக் காட்டுவதிலேயே ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளைக் கழித்த ஒருவர் அமெரிக்க தேசத்தில் வாழ்ந்திருந்தார். ஹியூ ஹாமண்ட் பென்னெட் என்பது அவர் பெயர். அந்நாட்டார் அவரை மண் பாதுகாப்பின் தந்தை என்று போற்றுவர். போர் வென்றோர் சரிதமும் நாடாண்டோர் சரிதமும் மாணவர் கைக்கு எளிதிற் கிட்டுவன. மண்வெட்டியும் கையுமாய்க் காடுமேடெல்லாம் நடந்த ஓர் உத்தியோகஸ்தரின் சரிதம் அவ்வளவு எளிதிற் கிட்டாதாகலின், அதனை ஈண்டுச் சுருக்கமாய் வரைய முற்பட்டோம்.

பென்னெட் 1881-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 15-ந் தேதி, வட கரோலினா மாகாணத்து ஆன்ஸன் ஜில்லாவில், வேட்ஸ்பரோ என்னும் ஊருக்கு அண்மையிற் பிறந்தார். அவர் தந்தையாருக்கு 1,200 ஏக்கர் விஸ்தீரணமுள்ள பருத்திப் பண்ணை இருந்தது. அப்பலேச்சிய மலைத்தொடருக்குக் கிழக்கே, பீட்மாண்ட் என வழங்கும் மேட்டுப் பிரதேசத்தைச் சார்ந்தது அந்நாடு. அலைபோல் ஏறியிறங்கும் நிலம். மேலே சில அங்குலம் மக்குக் கலந்த நயமான மண், அதன் கீழே செங்களி. வெள்ளையர் அங்கே குடியேறி, மரங்களை வெட்டிப் புகையிலையும் பருத்தியும் மக்காச்சோளமும் பயிரிட்டனர். இம்மூன்றும் வரிசையாய் நடப்படுவன. வரிசைக்கும் வரிசைக்கும் நடுவே மண் போர்வையின்றிக் கிடக்கும். சரிவின் போக்கிலே மேலும் கீழுமாய் உழுத சால்களெல்லாம் மழைநாளில் வாய்க்கால்களாயின. ஒரு நிலம் தளர்ந்துபோனால் அதைக் கைவிட்டு, அடுத்துள்ள காட்டை அழிப்பதே வழக்கம். அடிமைகளின் உழைப்பும் மலிவான நிலமும் இருந்த காலத்தில் வேறு யோசனைக்கு அவசியம் நேரவில்லை. அடிமைமுறை ஒழிந்த பின்னும் உழவுமுறை மாறவில்லை. பிற்காலத்து ஆராய்ச்சி ஒன்றின்படி, தென்பகுதிப் பீட்மாண்டில் சராசரியாய் 7 அங்குல மேல்மண் இவ்வாறு அரிப்புண்டு போயிற்று.

சிறுவராயிருந்த பென்னெட், தம் தந்தையார் சரிவுகளில் வரப்பெடுப்பதற்குக் கோடு பிடிக்கையில் உடனிருந்து உதவினார் என்றும், இஃது எதற்கு என்று வினவியபோது, நிலம் கழுவுண்டு போகாமலிருப்பதற்கே என்று தந்தையார் விடை பகர்ந்தார் என்றும் சொல்வர். அவ்விடையின் முழுப்பொருளும் அவருக்கு விளங்கப் பல ஆண்டு சென்றன.

வட கரோலினாப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்த அவர், பொருள் முட்டுப்பாட்டால் இடையிற் படிப்பை நிறுத்தி, இரண்டு ஆண்டுக்காலம் மருந்துக் கடையொன்றில் வேலை பார்த்துப் பணம் சேர்த்துக்கொண்டு மீண்டும் கல்லூரிக்குத் திரும்பினார். 1903-ம் ஆண்டு பட்டம் பெற்றதும், வாஷிங்டன் நகரத்து வேளாண்மை இலாகாவின் மண் ஆராய்ச்சிப் பிரிவில் அமர்ந்தார். துளையிடு கருவியைத் தரையிற் செலுத்தி மண்ணை வெளியெடுத்து, அதன் நிறம், நயம், ஆழம் முதலியவற்றைக் குறித்து, ஜில்லா ஜில்லாவாய்ப் படம் வரைவதே அப்பிரிவினரின் தொழில். கண்ணாற் காண்பதற்கும் கையால் தொடுவதற்கும் முதலிடம் தருவது அத்தொழில். அது அவருக்கு நன்கு பொருந்திற்று.

1905-ம் ஆண்டில் அவரையும் துணைவர் ஒருவரையும் வர்ஜீனியா மாகாணத்து லூயிஸா ஜில்லாவுக்கு அனுப்பினர். அங்கே நிலங்கள் விளைவு குன்றிப் போனதன் காரணத்தைக் கண்டறிதல் வேண்டுமென்பது கட்டளை. ஒருநாள் அவ்விருவரும் பக்கத்திற் பக்கமாய்க் கிடந்த இரண்டு நிலங்களைக் கண்டனர். ஒன்று, என்றும் ஏரின் வாய்ப்படாத காடு. அதன் மண் பொலபொலப்பாயும், மழையற்ற காலத்திலுங்கூட வெறுங் கையாலே தோண்டத்தக்க ஈரமுடையதாயும் இருந்தது. மற்றொன்று, பல்லாண்டாய் உழுது பயிரிட்ட கழனி. அங்கே மேல்மண் எஞ்சியிருக்கவில்லை. கல்போல் இறுகிய களியே தலை காட்டிற்று. இரண்டுக்கும் அடியிலுள்ள பாறை ஒன்றே, சரிவு ஒன்றே, பெய்யும் மழையும் ஒன்றே. ஆகவே இவ்வேற்றுமை இயற்கையால் வந்ததன்று, அந்நிலத்தை மனிதர் ஆண்ட விதத்தால் வந்ததே என்று பென்னெட் துணிந்தார். அவர் வாழ்நாள் முழுவதும் சொல்லிவந்தவை யாவும் அன்று அவர் கையிலிருந்த அவ்விருபிடி மண்ணிலிருந்து பிறந்தனவே எனலாம்.

அங்கே அவர் கண்டது இன்னதென்பதைச் சிறிது விளக்குதல் நலம். மண்ணரிப்பு என்றவுடன் ஆழமான ஓடைப் பள்ளங்களே நம் நினைவுக்கு வரும். அவை முடிவிலே தோன்றுவன. அவற்றுக்கு நெடுங்காலம் முன்னரே, ஒவ்வொரு மழையும் நிலத்தின் மேற்பரப்பிலிருந்து தாளளவு கனமுள்ள ஒரு படலத்தைச் சீவிக்கொண்டு போகும். மறுநாள் உழவன் ஏரோட்ட, அடிமண் சிறிது மேலே வந்து எஞ்சிய மேல்மண்ணோடு கலந்துவிடும். நேற்றைய இழப்பின் தடயம் மறைந்துபோகும். காட்டிலோ, மழைத்துளி முதலில் இலையிலும் பின்பு சருகிலும் விழுந்து, வேகம் தணிந்து, தெளிந்த நீராய் மண்ணிற்குள் இறங்குகின்றது. வெற்று நிலத்தில் அதே துளி மண்ணை அடித்துச் சிதறிக் கலங்கல் நீராகிறது. அக்கலங்கல் மண்ணின் நுண்துளைகளை அடைத்துவிட, நீர் உள்ளிறங்க வழியின்றி மேலே ஓடி, ஓடும்போதே மண்ணையும் கொண்டுபோகிறது. பென்னெட்டுக்கு முன்னும் இதனைச் சிலர் அறிந்திருந்தனர். ஆனால் ஒரு தேசமே இவ்வாறு தேய்ந்துகொண்டிருக்கிறது என்பதை அரசாங்கத்தில் ஒருவரும் நம்பவில்லை.

நம்பாததன்றி, நேர்மாறானதையே பிரசுரித்தும் வந்தனர். 1909-ம் ஆண்டு அப்பிரிவின் தலைவரான மில்ட்டன் விட்னி வெளியிட்ட அறிக்கையில், மண் ஒன்றே எக்காலத்தும் அழியாததும் குறைவுபடாததுமான தேசச் செல்வம் என்னும் கருத்து அச்சேறிற்று. தம் தலைவரின் பெயரால், தம் இலாகாவின் முத்திரையோடு, தாம் கண்ணாற் கண்டதற்கு முரணான கூற்று நாடெங்கும் பரவியபோது, கீழ்த்தர உத்தியோகஸ்தர் ஒருவர் செய்யத்தக்கது யாது? பலர் வாய் திறவார். சிலர் வேலையைத் துறப்பார். பென்னெட் இரண்டும் செய்யவில்லை. வேலையிலிருந்துகொண்டே, போகுமிடமெல்லாம் அளந்து, அளந்ததை எழுதிக்கொண்டே வந்தார். இது வீரமாகக் கதைகளில் வருவதில்லை; எனினும் ஏறக்குறைய இருபது ஆண்டு இதனைச் செய்வதற்குப் பெரும் பொறுமை வேண்டுமென்பதை நாம் மறுக்கவியலாது.

அவ்வாறு சேர்ந்த சான்றுகளுள், தென் கரோலினா மாகாணத்து ஃபேர்ஃபீல்டு ஜில்லாவில் 1911-ம் ஆண்டு எடுத்த அளவை முக்கியமானது. முன்னே பயிரிடப்பட்ட நிலத்தில் 90,000 ஏக்கர் ஓடைப் பள்ளங்களாய்க் கிழிந்து பாழாயிருந்தது. அஃதன்றி, ஆறுகளின் ஓரத்திலிருந்த 46,000 ஏக்கர் நன்செய் போன்ற தாழ்நிலமும் பயிருக்கு உதவாத சதுப்பாயிருந்தது. மேட்டிலிருந்து போன மண் முழுவதும் கடலுக்குப் போய்விடவில்லை. பள்ளத்தாக்கிலே தங்கி, ஆற்றின் அடித்தளத்தை உயர்த்தி, வெள்ளத்தைக் கரைபுரளச் செய்து, நிலத்தடி நீரை மேலே கொணர்ந்து, கீழ்நிலத்தையும் கெடுத்தது. முதலில் வந்த வண்டல் உரமாயிருந்திருக்கும். மேல்மண் தீர்ந்தபின் வந்ததோ மணலும் செங்களியுமே. மேட்டுக் குடியானவனின் உழவு, அவன் முகமறியாத கீழ்நிலத்துக் குடியானவனின் வயலை மூடிற்று. நீர்ப்பிடிப்புப் பிரதேசம் முழுவதையும் ஒரே பொருளாய்க் கருதினாலன்றி இந்நோய்க்கு மருந்தில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இடையே அவர் பனாமா கால்வாய்ப் பிரதேசம், அலாஸ்கா, மத்திய அமெரிக்கா, கியூபா முதலிய இடங்களுக்கும் சென்று மண்ணளவை செய்தார். அவற்றை விரிப்பின் கட்டுரை பெருகும்.

1928-ம் ஆண்டில், மேய்ச்சல் நிலங்களை ஆராய்ந்த சாப்லைன் என்பவரோடு சேர்ந்து, மண்ணரிப்பு தேசத்துக்கு நேர்ந்த பேரபாயம் என்னும் பொருள்பட ஒரு சிறு பிரசுரத்தை வெளியிட்டார். நாற்பது பக்கமும் நிரம்பாத அவ்வெளியீடுதான் அவரை நாடறியச் செய்தது. அந்நாட்டு ஆறுகள் ஆண்டுதோறும் 51 கோடி டன்னுக்கு மேற்பட்ட வண்டலைக் கடலிற் சேர்க்கின்றன என்று முன்னமே கணக்கிட்டிருந்தனர். வயலையும் மேய்ச்சல் நிலத்தையும் விட்டு நீங்கும் மண்ணோ 150 கோடி டன்னுக்குக் குறையாது என்று பென்னெட் மதிப்பிட்டார். இடைப்பட்ட மண் எங்கே போயிற்று? சரிவின் அடியிலும், ஓடைகளிலும், நீர்த்தேக்கங்களிலும், தாழ்நிலங்களிலும் தங்கிற்று. ஆற்று முகத்தில் நின்று கலங்கல் நீரை மட்டும் அளப்பவன் கேட்டின் சிறு பகுதியையே காண்கிறான் என்பது அவர் கருத்து.

இவ்விஷயத்தில் மிஸ்ஸௌரிப் பல்கலைக்கழகத்தார் 1917-ம் ஆண்டு தொடங்கிய சோதனை அவருக்குப் பெருந்துணையாயிற்று. சுமார் 90 அடி நீளமுள்ள சிறு பாத்திகளை ஒரே சரிவில் வரிசையாய் அமைத்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஓடிவரும் நீரையும் மண்ணையும் தொட்டியிற் பிடித்து நிறுத்தனர். சரிவு நூற்றுக்கு நாலடியும் இல்லை. கண்ணுக்குச் சமதரை போன்றதே. பதினான்கு ஆண்டுச் சராசரியில், இடைவிடாது மக்காச்சோளம் பயிரிட்ட பாத்தி ஏக்கருக்கு ஆண்டொன்றுக்கு 19.7 டன் மண்ணை இழந்தது. மக்காச்சோளம், கோதுமை, க்ளோவர் என்னும் தீவனப் பயிர் ஆகியவற்றை மாற்றி மாற்றி இட்ட பாத்தி 2.7 டன் இழந்தது. புற்றரை இழந்ததோ 0.34 டன் மாத்திரமே. இக்கணக்கின்படி 7 அங்குல மேல்மண், முதலாவதில் 50 ஆண்டிலும், இரண்டாவதில் 368 ஆண்டிலும், புற்றரையில் 3,000 ஆண்டுக்கு மேலும் சென்றபின்னே தீரும். லூயிஸா ஜில்லாவில் பென்னெட் கையால் உணர்ந்ததை இத்தொட்டிகள் நிறுத்துக் காட்டின.

டெக்ஸாஸ் பிரதிநிதியான புக்கானன் என்பவரின் முயற்சியால் 1929-ம் ஆண்டு காங்கிரஸ் சபை 1,60,000 டாலர் ஒதுக்க, பல மாகாணங்களில் இத்தகைய சோதனை நிலையங்கள் ஏற்பட்டன. 1933-ம் ஆண்டு, பெரும் பணமுடையால் வேலையற்றோர் தெருவில் நின்ற காலத்தில், ரூஸ்வெல்ட் அரசாங்கத்தார் உள்நாட்டு இலாகாவில் மண்ணரிப்புத் தடுப்புப் பிரிவொன்றை நிறுவிப் பென்னெட்டைத் தலைவராக்கினர். அவருக்கு அடுத்த நிலையில் அமர்ந்த வால்ட்டர் லௌடர்மில்க் என்பவர், சீன தேசத்து நான்கிங் நகரில் மிஷன் சங்கங்கள் நடத்திய பல்கலைக்கழகத்தில் 1922-ம் ஆண்டு முதல் 1927 வரை ஆசிரியராயிருந்தவர். அங்கே கோயில்களைச் சூழ்ந்து தப்பி நின்ற காடுகளையும், பக்கத்தே மொட்டையான மலைச்சரிவுகளையும் ஒப்பிட்டு அளந்து, மஞ்சள் நதியின் வண்டல் எங்கிருந்து வருகிறதென்று ஆராய்ந்தவர். ஒரு மிஷன் கல்லூரி ஆசிரியரின் கள ஆராய்ச்சி இவ்வாறு வேறொரு கண்டத்திற் பயன்பட்டது நமக்கு மகிழ்ச்சி தரத்தக்கதே.

புதிய பிரிவினர் முதலாவது தேர்ந்துகொண்ட இடம், விஸ்கான்ஸின் மாகாணத்தில் மிஸ்ஸிஸிப்பியோடு கலக்கும் கூன் க்ரீக் என்னும் சிற்றாறு. அதன் நீர்ப்பிடிப்பு ஏறக்குறைய 140 சதுர மைல். செங்குத்தான குன்றுகளும் குறுகிய பள்ளத்தாக்குகளும் நிறைந்த அப்பகுதியில் 1850-களிற் குடியேறியோர், முதலிற் கோதுமையும் பின்பு பால்மாடுகளுமாய் நிலத்தை ஆண்டனர். குன்றின் மரங்களினூடே மாடுகள் மேய்ந்து சருகையும் இளங்கன்றுகளையும் அழித்தன. ஒவ்வொரு பெருமழையும் குன்றின் மண்ணைப் பள்ளத்தாக்கில் இறக்கிற்று. 1930-களில் சிற்சில இடங்களில் ஆண்டுக்கு 6 அங்குலம் வரையிற் படிந்தது. பென்னெட்டின் ஆட்கள் குடியானவர்களுடன் ஐந்தாண்டு உடன்படிக்கை செய்துகொண்டு, விதையும் சுண்ணாம்பும் வேலிக்கம்பியும் மரக்கன்றும் கொடுத்தனர். வேலையற்ற வாலிபர்களைக் கொண்டு அரசாங்கத்தார் அமைத்த படை உழைப்பைத் தந்தது. செங்குத்தான சரிவுகளை வேலியிட்டுக் காடாக விட்டனர். நடுச்சரிவில் சமமட்டமான கோடுகளின் வழியே குறுக்காய் உழுது, தானியமும் தீவனப் புல்லும் பட்டை பட்டையாய் மாறிவர விதைத்தனர். ஓடைப் பள்ளங்களுக்குச் சிற்றணை இட்டனர். இவற்றுள் ஒன்றும் நூதனமன்று. எல்லாவற்றையும் ஓர் ஆற்றின் நீர்ப்பிடிப்பு முழுவதிலும் ஒருங்கே செய்ததுதான் நூதனம்.

அதற்குள் மேற்கே வேறொரு கேடு மூண்டது. புல்வெளிகளை உழுது கோதுமை விதைத்த பெருஞ்சமவெளியில் மழை பொய்க்கவே, காற்று மண்ணை வாரிக்கொண்டு கிளம்பிற்று. 1934-ம் ஆண்டு மே மாதம் அத்தூசி நியூயார்க்கையும் கடந்து அட்லாண்டிக் கடலிற் சென்ற கப்பல்களின்மேலும் விழுந்தது. 1935-ம் ஆண்டு வசந்தத்தில், செனட் கமிட்டியின் முன் சாட்சி சொல்லிக்கொண்டிருந்த பென்னெட், புழுதிப் புயலொன்று தலைநகரை நெருங்குவதை அறிந்து, அது வந்து ஜன்னலுக்கு வெளியே வானம் மங்கும் வரையில் தம் பேச்சை நீட்டினார் என்பது பிரசித்தமான கதை. சொல்வோர் சேர்த்த மெருகு இதிற் சிறிது இருக்கலாம். மண்ணின்மேற் போர்வை இருப்பதும் இல்லாததும் எவ்வாறென்று காட்ட, சபையோரின் மெருகிட்ட மேசைமேல் முதலிற் கனத்த துவாலையை விரித்து நீரை ஊற்றி, பின்பு துவாலையை நீக்கி வெறும் பலகையில் ஊற்றி, நீர் ஓடி அவர்கள் மடியில் வடியச் செய்தாரென்றும் சொல்வர். எங்ஙனமாயினும், ஏப்ரல் 27-ந் தேதி மண் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறி, அவர் பிரிவு வேளாண்மை இலாகாவின் நிரந்தர அங்கமாயிற்று. நீர் செய்யும் கேட்டை இருபதாண்டு கூறியும் அசையாத சபை, காற்று வீட்டுக்குள் கொணர்ந்த தூசிக்கு அசைந்ததை எண்ணினால் நமக்கு நகைப்பும் வருத்தமும் ஒருங்கே தோன்றுகின்றன.

குடியானவர்களே தங்கள் பகுதியின் மண்ணைக் காக்கும் சங்கங்களாய்க் கூடுதற்கு மாதிரிச் சட்டமொன்றை 1937-ம் ஆண்டு ரூஸ்வெல்ட் எல்லா மாகாண கவர்னர்களுக்கும் அனுப்பினார். அவ்வாறு முதன்முதற் பதிவானது, அவ்வாண்டு ஆகஸ்டு 4-ந் தேதி, பிரௌன் க்ரீக் என்னும் ஓடையின் நீர்ப்பிடிப்பில் அமைந்த சங்கம். அது பென்னெட் பிறந்த ஆன்ஸன் ஜில்லாவில் உள்ளது. அவர் தந்தையாரோடு வரப்பெடுக்கக் கோடு பிடித்த பண்ணையும் அதன் எல்லைக்குள் அடங்கிற்று.

பென்னெட் குறையற்றவர் என்று நாம் சொல்லவில்லை. மேடையேறினால் மொழி பொங்கும். எண்களைத் தாராளமாய் வீசுவார். பாத்தியில் அளந்ததைத் தேசம் முழுவதற்கும் பெருக்குவதில் உள்ள இடரை அவர் போதிய அளவு எச்சரித்ததாய்த் தோன்றவில்லை. ஆனால் ஆராய்ச்சியாளரின் அடக்கமான குரலைக் கேளாத சபையில் உரத்த குரல் ஒன்று தேவைப்பட்டது என்பதையும் மறத்தலாகாது. 1939-ம் ஆண்டு அவர் வெளியிட்ட மண் பாதுகாப்பைப் பற்றிய நூல் 993 பக்கம் கொண்டது. 1951-ம் ஆண்டு தலைமையினின்று விலகினார். 1960-ம் ஆண்டு ஜூலை 7-ந் தேதி காலமாகி, ஆர்லிங்டன் தேசியக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் பண்ணப்பட்டார்.

கூன் க்ரீக்கைப் பற்றிய செய்தி அவர் காலத்தோடு முடியவில்லை. 1930-களின் பிற்பகுதியில் அவர் பிரிவினர் அப்பள்ளத்தாக்கின் குறுக்கே கோடுகள் இட்டுத் தரையின் உயரத்தை அளந்து குறித்து வைத்திருந்தனர். பல ஆண்டுகளுக்குப் பின் ஸ்டான்லி ட்ரிம்பிள் என்னும் பூகோள ஆசிரியர் அதே கோடுகளை மீண்டும் அளந்தார். குடியேற்றம் முதல் 1938 வரையில் குன்றுகளிலிருந்து அரிப்புண்ட மண்ணில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கே மிஸ்ஸிஸிப்பியைச் சேர்ந்ததென்றும், மிகுதியெல்லாம் சரிவடியிலும் பள்ளத்தாக்கிலும் தங்கிற்றென்றும் கண்டார். அதன்பின் குன்றுகளின் அரிப்பு பெரிதும் குறைந்தது. 1975 முதல் 1993 வரையிலான காலத்தில், பள்ளத்தாக்கில் மண் படியும் வேகம் 1930-களில் இருந்ததில் நூற்றுக்கு 6 பங்காய்த் தாழ்ந்திருந்தது. ஆயினும் ஆற்று முகத்தில் வெளியேறும் வண்டலின் அளவோ, மூன்று காலங்களிலும் ஏறக்குறைய மாறவேயில்லை. மேலிருந்து வருவது குறையவே, தெளிந்த நீர் பழைய படிவுகளைக் கரையோரங்களில் அறுக்கத் தொடங்கிற்று. முகத்துவாரத்தில் மட்டும் நின்று அளந்திருந்தால், பென்னெட்டின் ஆட்கள் செய்த வேலை ஒன்றும் பலிக்கவில்லை என்றே எழுதியிருப்பார்கள். கரை சரியுந்தோறும், முதற்குடியேறிகளின் வயலிலிருந்து இறங்கிப் பள்ளத்தாக்கில் தங்கிய மண்ணே அந்நீரோடு மிஸ்ஸிஸிப்பியை நோக்கிச் செல்கின்றது.